நடுவில் ஒரு ரொட்டிக்கடைக்காரர்

நடுநாற்காலியை நிறைத்து, பக்கத்து நாற்காலிக்கும் சற்றே வழிந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! போன மாதம் என் பேரனை "யார்ரா அவன்?" என்று கேட்டு, இந்த மாதம் "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று தோளில் தட்டும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசை கிடைக்காத கோபத்தை முகத்தில் காட்டாத கண்மணிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்.

"மலை" என்று எல்லோரும் அழைக்கும் மாபெரும் குத்துச்சண்டைச் சாம்பியனோடு மோதப்போகும் என் பேரனை வாழ்த்தி வழியனுப்ப இந்த விழா. வாழ்த்துகிறேன். வாயார, வயிறார வாழ்த்துகிறேன். நடுவில் சின்னதாக ஒரு சண்டை இருக்கிறதாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதில் தோற்றால் மலையும் இல்லை, மடுவும் இல்லையாம். அதையெல்லாம் பேசி இந்த நல்ல நேரத்தைக் கெடுப்பானேன்?

ஆகவே ஒரு பழைய கதை சொல்கிறேன். ரொம்பப் பழசு இல்லை, போன மாதத்துக் கதை.

இதே மண்டபம். இதே மைக். இதே மலையோடு மோதப்போகும் வேறொரு மாவீரரை மேடையேற்றினீர்கள். "இடிமுழக்கம்" என்று பட்டம் சூட்டினீர்கள். மலையைத் தேடி அவர் போகிற வழியில் காலடியில் ஒரு கூழாங்கல் கிடந்தது. அந்தக் கூழாங்கல் என் பேரன்!

என்ன, விசிலா? அடிங்க தம்பி, நல்லா அடிங்க. போன மாசம் அவருக்கும் நீங்கதானே அடிச்சீங்க?

மலை நெட்டை. ஆகையால் இடிமுழக்கம் என்ன செய்தார்? பயிற்சிக்கூடத்தில் மணல் மூட்டையை மேலே ஏற்றிக் கட்டினார். அண்ணாந்து குத்தினார். கூடப் பயிற்சி செய்கிறவரைப் பெஞ்சின்மேல் நிற்கவைத்துக் குத்தினார். காலையிலும் மலை, மாலையிலும் மலை, கண்ணை மூடினால் கனவிலும் மலை! என் பேரனைப் பற்றி யாரோ கேட்டதற்குச் சொன்னாராம்: "அந்த லாண்டரிப் பையனா? போற வழியில பாத்துக்கலாம்."

லாண்டரிப் பையன் எவ்வளவு உயரம்? கண்ணு, கொஞ்சம் எழுந்து நில்லுப்பா. சபை பார்க்கட்டும். என்னது, நின்னுக்கிட்டுதான் இருக்கியா? சரி, அப்படியே இரு.

எங்கள் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளைக் குனிந்து அள்ளி, குனிந்து சுமந்து, குனிந்தபடியே தோள் அகன்ற பிள்ளை. சண்டைக்கு முன்னால் இடிமுழக்கம் இவனிடம் சொன்னாராம்: "தம்பி, சட்டுனு முடிச்சுக்கலாம். எனக்குப் போட்டோ எடுக்கப் போகணும்." இவன் சொன்னது, "சரிண்ணே." மூத்தவர்களை எதிர்த்துப் பேசும்படி நான் வளர்க்கவில்லை!

மணி அடித்தது. இடி இடித்தது. எங்கே இடித்தது? என் பேரனின் தலைக்கு மேலே! காற்றுக்கு ஒரு குத்து. காற்றுக்கே இன்னொரு குத்து. பாவம், காற்று என்ன தப்புச் செய்தது? பழகிய கை பழகிய உயரத்துக்கே போனது. கீழே, விலா ஓரத்தில், என் பேரன் அவசரமே இல்லாமல் துவைத்து எடுத்தான். மூன்றாம் சுற்றில் இடிமுழக்கம் உட்கார்ந்தார். போட்டோக்காரர் அங்கேயே வந்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். நேற்றுவரை சிரித்தேன்.

நேற்றுப் பேரனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பயிற்சிக்கூடம் போனேன். மணல் மூட்டை எங்கே தொங்குகிறது? மேலே! பெஞ்சின்மேல் நிற்பது யார்? இடிமுழக்கத்துக்காக நின்ற அதே ஆள்! இவன் எட்டி எட்டிக் குத்துகிறான், தாவித் தாவிக் குத்துகிறான்.

"என்னப்பா கூத்து இது?"

"மலைக்குப் பயிற்சி, பாட்டி."

"ஞாயித்துக்கிழமை யாருப்பா?"

"யாரோ ஒரு ரொட்டிக்கடைக்காரன் பாட்டி. பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம்! அந்தப் பொன்மொழி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு எவ்வளவு சுருக்காகக் குடிபெயர்ந்துவிட்டது!

தலைவர் அவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த ரொட்டிக்கடைக்காரர் நெட்டையா, குட்டையா? தாளைப் புரட்டாதீர்கள், அதில் இருக்காது. பெரியோர்களே, அவர் இடக்கையா, வலக்கையா? தம்பிகளே, விசில் எங்கே போயிற்று? சரி, மோதப்போகிற நீயாவது சொல்லு ராசா.

கையிலிருக்கும் பூச்செண்டில் இதழ் எண்ணுகிறான்.

யாரது, கடைசி வரிசையில் கை தூக்குவது? அட, இடிமுழக்கம்! வாப்பா, விலா தேவலையா? பக்கத்தில் வா, அங்கிருந்து சொன்னால் கேட்கவில்லை. அவருக்கு மைக் இல்லை. அவர் சொல்வதை நான் சொல்கிறேன், கேளுங்கள். "பாட்டி, நான் நேர்ல போய்ப் பாத்தேன். உங்க பேரனைவிடக் குட்டை. இடக்கை. மாவு பிசைஞ்சு பிசைஞ்சு மணிக்கட்டு இரும்பா இருக்கு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள புகுந்துருவான்."

நீ எதுக்குப்பா போய்ப் பாத்தே?

"இவன்கிட்ட விழுந்ததுக்கப்புறம் யாரையும் பாக்காம விடுறதில்ல, பாட்டி."

கேட்டீர்களா சபையோரே! இத்தனை பேர் நிறைந்த மண்டபத்தில், ரொட்டிக்கடைக்காரரைப் போய்ப் பார்த்தவர் தோற்றுப்போன இவர் ஒருவர்தான்!

என் சலவைக்கூடத்துச் சிங்கமே! மலை எங்கும் ஓடிப்போகாது. ரொட்டிக்கடைக்காரர் வருவார். உன்னை மட்டுமே நினைத்து வருவார். இரவும் பகலும் உன்னை மட்டுமே குத்திப் பழகி வருவார். அவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாள். அடுத்த மாதம் இதே மைக்கைப் பிடித்து, உன் கதையைச் சொல்லி இந்தச் சபையைச் சிரிக்கவைக்க அவள் இந்நேரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருப்பாள். பேசவிடலாமா? அவளைப் பேசவிடலாமா?

இறங்கு கீழே! பூச்செண்டை நாற்காலியில் வை. அந்த அண்ணன் பின்னாடி போ. அவரைக் குனியச் சொல்லிப் பழகு.

தலைவர் பதற வேண்டாம். நாயகன் இல்லாமல் விழா நடக்கும். எதிராளி இல்லாமல்தான் சண்டை நடக்காது.

இறங்கிவிட்டான். படியில் நின்று அவரிடம் என்னவோ கேட்கிறான், உங்களுக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது.

"அந்த ரொட்டிக்கடைக்காரர் பேர் என்னண்ணே?"

போதும். மைக்கைப் பிடுங்காமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், வாயை மூடிக் காதைத் திறந்து வைத்த உங்களுக்கும் நன்றி. நான் உட்காருகிறேன். வணக்கம்.