ஹாரன் அடிக்காத ஜீப்பில் வந்த ஆய்வாளருக்கு

பட்டறைப் படிகளைப் பாதம் தேயத் தேடி ஏறியவரே! சட்டத்தைச் சட்டைப்பையில் சுமக்காமல் நெஞ்சில் சுமந்தவரே! கண்டிப்பையும் கனிவையும் ஒரே கைப்பையில் கொண்டுவந்து, எதை எங்கே எடுப்பதென்று அறிந்திருந்த எங்கள் ஆய்வாளர் அம்மையே! தொழிலாளர் துறையின் இந்தச் சின்ன அலுவலகத்தில் உங்களோடு உழைத்தவர்கள், உங்களிடம் திட்டு வாங்கியவர்கள், திட்டு வாங்கிய கையோடு உங்கள் டிபன் டப்பாவில் பங்கும் வாங்கியவர்கள் அனைவரும் ஒன்றுகூடி, வணங்கி வாசிக்கும் மடல் இது.

பணி நிறைவு விழாவில் பண்புகளை அடுக்கிச் சொல்வது வழக்கம். அடுக்கினால் போதும் போதும் என்று நீங்கள் கையசைப்பீர்கள். ஆகவே ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

அட்டைப்பெட்டிப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. குழந்தைத் தொழிலாளர் ஒருவர்கூட அங்கே இல்லையென்று மேலிடத்துக்குப் பெருமையோடு எழுதிக்கொண்டிருந்தோம். ஜீப்பில் போவோம், பெரியவர்கள் மட்டும் பசை தடவிக்கொண்டிருப்பார்கள், நிம்மதியாகத் திரும்புவோம். நீங்கள் பொறுப்பேற்ற புதிதில் உங்களையும் அப்படித்தான் அழைத்துப் போனோம். முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பார்த்து முடித்து நாங்கள் கிளம்பினோம். நீங்கள் கிளம்பவில்லை. ஆளில்லாத குட்டை முக்காலியையும், அதன் எதிரே பாதி ஒட்டிய பெட்டியையும், பரணுக்குப் போகும் ஏணியில் ஈரம் காயாமல் பதிந்திருந்த சின்ன விரல்களின் பசையையும் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். தண்ணீர் வந்தது. நீங்கள் குடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மேல இருக்கிற பிள்ளைக்கு முதல்ல குடுங்க" என்றீர்கள்.

காற்றே புகாத பரணில், அட்டைக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து, வியர்வையில் தொப்பலாக நனைந்து, மூச்சுவாங்க ஒரு சிறுமி இறங்கி வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே அவள் சொன்னாள்:

"ஹாரன் சத்தம் கேட்டா மேல ஏறிடணும்னு சொல்லியிருக்காங்க."

எங்கள் ஓட்டுநர் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தெருமுனை திரும்பும்போதெல்லாம் நீளமாக ஹாரன் அடிப்பது அவர் பழக்கம். யார்மீதும் வண்டி உரசிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தாலேயே, பிள்ளைகளை ஒளித்துவைக்கச் சொல்லி நாங்களே ஒவ்வொரு முறையும் சேதி அனுப்பிக்கொண்டிருந்தோம். நீங்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இனி ஜீப் மெயின் ரோட்டிலேயே நிற்கட்டும், நாம் நடந்து போவோம் என்று சொன்னதோடு சரி.

அன்று தொடங்கிய நடையில் எங்களில் சிலருக்குத் தொந்தி கரைந்தது. பலருக்குச் செருப்பு கரைந்தது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நடந்து போன தெருக்களில்தான், மறைக்கப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் கண்ணில் பட்டார்கள்.

மறுநாள் அந்தச் சிறுமியின் தாய் அலுவலகத்துக்கே வந்து, இனி என் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று உங்களைப் பிடி பிடியென்று பிடித்தார். பிள்ளையை மீட்டதும் கோப்பை மூடிவிட எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. முதலாளிமீது வழக்குத் தொடுத்தீர்கள். தாய்க்கு வேறொரு பட்டறையில், பெரியவர்களுக்குரிய முழுக் கூலியில் வேலை கிடைக்கும்வரை ஓயவில்லை. பிறகு எந்தப் பக்கம் ஆய்வுக்குப் போனாலும், வழியில் அவளை நீங்கள் சேர்த்துவிட்ட பள்ளிக்கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, அவள் இருக்கையில் அவள் இருக்கிறாளா என்று உறுதி செய்துகொண்டீர்கள்.

அந்தத் தாய் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மகள் வரவில்லை. இன்று அவளுக்குக் கல்லூரித் தேர்வு. அதை விட்டுவிட்டு வந்தால் முதல் திட்டு உங்களிடமிருந்துதான் விழுமென்று அவளுக்குத் தெரியும்.

அம்மையே! நோய் அண்டாத உடலோடும் கவலை தீண்டாத மனதோடும், யாரையும் தேடி அலையாத காலை நேரங்களோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

ஒரேயொரு அனுமதி மட்டும் தாருங்கள். இந்த மடலையும் உங்களையும் ஓட்டுநர் அண்ணன் ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கிறார். இத்தனை ஆண்டுகளாக எந்தத் தெருமுனையிலும் ஹாரனைத் தொடாத அவர், இன்று உங்கள் தெருமுனையில் ஒருமுறை நீளமாக அடிக்க ஆசைப்படுகிறார். அந்தச் சத்தம் கேட்டு உங்கள் பேரப்பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடி வரட்டும்.

என்றும் உங்கள் பின்னால் நடந்து பழகிய,
அலுவலகத் தோழர்கள்