டாங்கியைக் கழற்றிய நாள்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த பிளேன்டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. எனக்குச் சீனி வருத்தம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குறையாகச் சொல்லவில்லை, பாதி குடித்தேன். பொலிஸ் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கும் நன்றி. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். வேறொருவர் எழுதியதில் கையெழுத்து மட்டும் போடுவது எனக்குச் சரிவராது. கண் மங்கியதால் எழுத்துப் பெரிதாக வரும், இரண்டு தாள் கூடுதலாகத் தேவைப்படலாம்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு விஷயம். கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஸ்ரனிஸ்லாஸ் எங்கள் காரின் டீசல் டாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது, உள்ளேயிருந்து ஒரு துணி வந்ததை நான் பார்த்தேனா என்று. அந்தத் துணியால்தான் கார் நடுவழியில் நின்றது, ரஜனி என்ற பிள்ளை இறந்துபோனது, அதற்குத் தானே பொறுப்பு என்று அவர் உங்களிடம் வந்து சரணடைந்திருக்கிறார். பார்த்தேன் என்று ஒரு சொல்லில் நான் எழுதி முடிக்கலாம். சொல் சரியாக இருக்கும், விஷயம் பிழையாக இருக்கும். புரூஃப் பார்க்கிறவனுக்கு அது உறுத்தும்.

கார் என்னுடையது. தொண்ணூற்றிரண்டில் வந்த டீசல் கார், ஸ்ரீ நம்பர். கொரோனாவுக்கு அடுத்த வருஷம் கண்ணில் அழுத்தம் என்று சொல்லி டாக்டர் என்னை ஓட்ட வேண்டாம் என்றுவிட்டார். விற்றுவிடுவோம் என்றேன். என் மனைவி பலீலா, "விக்க வேணாம், நான் பழகுறேன்" என்றாள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதுவரை எங்கள் முனையில் ஓடும், வாகனம் ஓயாத காலி வீதியைக்கூட அவள் தனியாகக் கடந்தது அரிது. அது என் ஏற்பாடு. அவளுக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பழகுவதற்கு முன் ஸ்ரனிஸ்லாஸ் ஒருமுறை அந்த டாங்கியைக் கழற்றினார். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரிடமோ வாங்கி ஊற்றிய டீசல் அடியில் கறுப்புச் சேறாக உறைந்திருந்தது. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். கழுவிய டாங்கியைக் காயவைக்கும்போது தூசி விழாமல் வாயில் ஒரு துணியைச் சுருட்டி அடைப்பது அவர் வழக்கம். "இத எடுக்க மறந்தமெண்டா முடிஞ்சுது நானா" என்று, எல்லாரையும் போல என்னை அண்ணன் முறை வைத்துச் சொல்லிச் சிரித்தார். "துணி உள்ள போய்க் குழாய் வாயில ஒட்டிக்கொள்ளும். என்ஜின் நிண்டுடும். கொஞ்ச நேரம் விட்டா இழுவை இல்லாமத் துணி விலகும், திரும்ப ஸ்டார்ட் ஆகும். எந்தக் கராஜ் பாஸாலயும் கண்டுபிடிக்க ஏலாது." அன்று அவர் மறக்கவில்லை. துணியை எடுத்ததை நான் பார்த்தேன்.

பலீலா நன்றாகவே ஓட்டினாள். முதலில் நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு, "நீங்க பக்கத்துல ஈந்தா எனக்குக் கை நடுங்குது" என்றாள். கொலன்னாவையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குத் தனியாகப் போனாள். மீன் வாங்க முகத்துவாரம் வரை போனாள், எங்கள் வெள்ளவத்தையில் மீனே கிடைக்காதது மாதிரி. எங்கள் ஒழுங்கை வீடுகளில் உள்ள பெண்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புக்குப் போய் வந்தாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், அது எனக்காக வந்த சிரிப்பு அல்ல.

எனக்குப் பயம் வந்தது, சார். இதை மறைக்க ஒன்றுமில்லை. அஸர் தொழுதுவிட்டு கேட்டடியில் கதிரையைப் போட்டு அந்த என்ஜின் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். காலி வீதியில் ஆயிரம் வாகனம் போனாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒருநாள் அது எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாமல் நேரே போய்விடும் என்று தோன்றும். கண் போய்க்கொண்டிருக்கும் மனுஷனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு பெண் ஏன் சிரித்துக்கொண்டு வர வேண்டும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவளுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பிரேக்கில் கை வைப்பதைப் பற்றி நான் ஒரு வாரத்துக்கு மேல் யோசிக்கவில்லை. கார் அடிக்கடி நின்றால் போதும், அவளாகவே வெறுத்து விட்டுவிடுவாள். போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு சாண் அகலத் துணியைச் சுருட்டி டாங்கியின் வாய்க்குள் விட்டு, பழைய குடைக் கம்பியால் தள்ளினேன். கண் தேவைப்படாத வேலை. பிறகு டீசல் மணம் போக, கையைத் தேசிக்காய்ச் சாறு விட்டுக் கழுவினேன்.

மூன்றாம் நாளே கார் பம்பலப்பிட்டியில் நின்றது. ஆனால் பலீலா வெறுக்கவில்லை. அவள் காரோடு பழகிவிட்டாள். "பத்து நிமிஷம் சும்மா உட்டா சரியாகிடும்" என்று எல்லாரிடமும் சொன்னாள். நடுவீதியில் நின்றாலும் சலவாத்து ஓதிக்கொண்டு பொறுமையாக இருப்பாளாம். ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு தடவை ஃபில்டர் மாற்றினார், காற்றடித்துக் குழாயை ஊதினார். ஊதியதில் துணி தள்ளிப்போய் ஒரு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். டாங்கியை இறக்கிப் பார்ப்போம் என்று அவர் மூன்று முறை கேட்டார். பழைய டாங்கி, கழற்றினால் உடைந்துவிடும், வேண்டாம் என்று மூன்று முறையும் சொன்னவன் நான்.

ரஜனியின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கை முனையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் சாந்தகுமாரின் மனைவி. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது, இழுப்பு வருத்தம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நல்ல மழை. சாந்தகுமார் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, மூச்சு விட முடியலைங்க அவளுக்கு. அம்புலன்ஸ் வருதுன்னாங்க, இன்னும் காணோம்."

பலீலா அதற்குள் சாவியை எடுத்துவிட்டாள். ரஜனியைப் பின்சீட்டில் கிடத்தினார்கள். அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்ததை என் மங்கிய கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இந்தக் காரில் போக வேண்டாம், முனையில் த்ரீவீல் நிற்கிறது, அதில் ஏற்றுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று பலீலா கேட்டிருப்பாள். அவள் கேட்டால் எனக்குப் பொய் வராது, எங்கள் வீட்டில் பொய் வழக்கமில்லை. அதோடு கார் எல்லா முறையும் நிற்பதில்லை, அந்தக் கிழமை ஒரே ஒரு தடவைதான் நின்றிருந்தது. அதனால் நான் மழையில் நனைந்துகொண்டு கேட்டை அகலத் திறந்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்த உதவி அது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தெஹிவளைக் கால்வாய்ப் பாலத்தில் கார் நின்றது. முன்னாலும் பின்னாலும் வாகனம், மழை. இறங்கி வேறு ஏதாவது பிடிப்போம் என்று சாந்தகுமார் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் வந்துவிடும், இந்தக் கார் எனக்குத் தெரியும், பிள்ளையை மழையில் இறக்க வேணாம் என்று பலீலா சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னபடியே கார் பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. ரஜனிக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

அதன் பிறகு பலீலா சாவியை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். "நான்தானே காத்துட்டு ஈந்தேன், நான்தானே இறங்க வேணாமெண்டேன்" என்று தொழுகைப் பாயில் இருந்தபடியே சொல்வாள். சாப்பாடு இறங்கவில்லை, நெற்றி எலும்பு தெரிந்தது. நாற்பது நாள் வாசற்படி தாண்டவில்லை. உன் பிழை இல்லை என்று நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன், அது உண்மையும்கூட. எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த நாற்பது நாளும் நான் கேட்டடிக்குப் போகவில்லை, என் பயம் போயிருந்தது. சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

பிறகு சாந்தகுமார் வந்தார். சண்டைக்கு வரவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்று, "ஒரு தடவ அந்த டாங்கிய இறக்கிப் பாத்துரலாங்களா நானா? ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றார். பலீலா என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை உடைந்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொட்டாஞ்சேனை கராஜில் ஒரு காலை நேரம், பலீலாவும் சாந்தகுமாரும் நானும். அன்று நான் பட்ட பயத்தை எந்த எதிரிக்கும் விரும்ப மாட்டேன். ஸ்ரனிஸ்லாஸ் காரை ஜாக்கில் ஏற்றி, அடியில் பேசின் வைத்து, டாங்கியின் ஆணியைக் கழற்றினார். டீசல் முதலில் கயிறு போல விழுந்தது, பிறகு கறுத்தது, பிறகு துரு கலந்த தண்ணீர் சொட்டியது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குழாய்களை உருவினார், பட்டிகளைத் தளர்த்தினார், டாங்கியை நெஞ்சில் தாங்கி இறக்கினார். மேல் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வளைந்த கம்பியை விட்டு இழுத்தார். துணி வந்தது. கறுப்பாக, வழவழவென்று, ஆனால் துணி என்று எனக்கே தெரிந்தது.

இதோ முடிந்தது, இனி பலீலா என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பார்க்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் துணியைப் பிழிந்து, விரித்து, தையல் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அது அவர் கராஜில் கை துடைக்கும் பனியன் துணி. முகத்தில் இரத்தம் இல்லாமல் போய்விட்டது.

"இது என்ட துணி" என்றார். "போன தடவ கழுவினபோது வாய்க்கு வச்சனான். எடுத்தனான் எண்டுதான் நினைச்சன். எடுக்கேல்ல. வளைவில சிக்கிக் கிடந்து இப்பதான் இறங்கியிருக்கு." பிறகு அந்த எண்ணெய்க் கையோடு சாந்தகுமாரின் முன் முழங்காலில் இருந்தார். "தம்பி, உங்கட மனுசியக் கொன்றது நான்."

சாந்தகுமார் அடிக்கவில்லை. துணியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். பலீலா அழுதாள். நாற்பது நாளாக வராத அழுகை அது, நான் அறிவேன். நான் ஸ்டூலில் இருந்து எழும்பவில்லை. நான் யார் மேலும் பழி போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அவராகவே எடுத்துக்கொண்டார்.

மேலே ஒன்றை எழுதத் தவறிவிட்டேன். அந்தத் துணியை நான் எங்கள் வீட்டில் எடுக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு ஸ்ரனிஸ்லாஸின் கராஜுக்குப் போனபோது, பெட்டியில் கிடந்ததில் ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்பீர்கள். கைக்கு எட்டியது என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன்.

ஸ்ரனிஸ்லாஸ் கராஜைப் பூட்டிவிட்டார். மூன்று செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை வேதக்கோயிலுக்குப் போனாராம், நாலாவது செவ்வாய் கோயிலில் இருந்து நேரே உங்களிடம் வந்தாராம். நல்ல மனுஷன். அவர் செய்யாததற்காக அவர் உள்ளே இருப்பது நியாயமில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

பலீலா இப்போது வெளியே காரில் இருக்கிறாள். காரைக் கொண்டுவரச் சொன்னீர்கள், அவள்தான் ஓட்டி வந்தாள். டாங்கி சுத்தமான பிறகு கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. காலையில் வரும் வழியில், "இனி மட்டக்களப்பு வரைக்கும்கூட போகலாம் போல ஈக்கி" என்றாள். அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது. நான் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், என் கைதான் நடுங்கியது.

ஆகவே எழுதுகிறேன்: துணியை வைத்தவன் நான், ஸஹாப்தீன். நிற்கும் என்று தெரிந்தே ரஜனியை அந்தக் காரில் அனுப்பியவனும் நான். எத்தனை வருஷம் வைப்பீர்களோ வையுங்கள். கார் இந்த வழக்கின் சாட்சிப் பொருள், அதை இங்கேயே நிறுத்திவைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்று நம்புகிறேன். நான் கையெழுத்து வைப்பதற்கு முன் ஒருவரை அனுப்பி அவளிடமிருந்து சாவியை வாங்கிவிடுங்கள். பலீலா கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து என்னைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்புவாள். என்னைப் பார்க்க வருவதை விட்டால் அவளுக்குப் போவதற்கு வேறு இடம் ஏது?