தழை டாக்டரின் மந்தையை விற்க விடமாட்டோம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே! முன்வரிசையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, மகளே! கறவைக் கொட்டகையிலிருந்து கை ஈரம் காயாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே, தோழியரே! இந்தச் செம்மறி ஆராய்ச்சிப் பண்ணையின் பால் பரிசோதனைக் கூடத்தை நடத்துகிறவள் பேசுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.

என்னை நாலு வார்த்தை உருக்கமாகப் பேசச் சொன்னார்கள். உருகுவதையெல்லாம் வீட்டிலேயே உருகிவிட்டேன். இங்கே சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

யாரை இழந்து நிற்கிறோம்? கால்நடைத் தீவன ஆராய்ச்சியாளர் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நமக்கு அவர் யார்? தழை டாக்டர்! மருந்துப் பெட்டி தூக்கி வருகிற டாக்டர்களுக்கு நடுவில் தோளில் தழைக்கட்டோடு வந்த ஒரே டாக்டர்! பால் நீர்த்துப் போனால் நாம் ஆட்டைத் திட்டுவோம். அக்கா நம்மைத் திட்டுவார். "ஆட்டை ஏன்டி குறை சொல்ற? தொட்டியில நீ என்ன போட்டேன்னு பாரு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!"

ஆளி விதை கொடுத்தால் பாலில் நல்ல கொழுப்பு கூடும், வெந்தயமும் ஓமத் தழையும் சேர்த்தால் வயிறு சீராகி மடிநோய் குறையும் என்று நம்பினார். நம்பிக்கையோடு நின்றாரா? சோதித்தார்! எடுத்த எடுப்பிலேயே ஜெயித்தாரா? எங்கே! தீவனத்தில் பூண்டு சேர்த்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? நம் தயிர்க்காரர் வாளி மூடியைத் திறந்துவிட்டு, "டாக்டரம்மா, இதை உறை ஊத்தவா, தாளிக்கவா?" என்று கேட்டாரே! அக்கா ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். "நாத்தம்தான். பூண்டை நிறுத்து" என்றார். அவ்வளவுதான், பூண்டு போயிற்று.

அடுத்தது பெரிய சோதனை. இடப்பக்கப் பட்டிக்குத் தழை கலந்த தீவனம், வலப்பக்கப் பட்டிக்கு வெறும் தீவனம். இரண்டு பாலும் என் மேசைக்கு வந்தன. இரண்டும் ஒரே மாதிரி! "தழையாவது, இலையாவது, எல்லாம் வெட்டி வேலை" என்று நிர்வாகம் சிரித்தது. அக்கா அழுதாரா? ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டி ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். தீவனம் போட்டவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததுதான் தாமதம், வலப்பக்கத்து ஆடுகள் கம்பி இடுக்கில் கழுத்தை நீட்டி அடுத்த வீட்டுத் தொட்டியைக் காலி செய்தன! கம்பி இடைவெளி கிடாய்க் கழுத்து நுழையாதபடி போட்ட அளவு. பெட்டை ஆட்டுக்கு அது திறந்த வாசல். அந்த அளவைச் சொன்னதும் அக்காவேதான்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்தார். "தப்பு என்னுது. ஆனா ஒண்ணு பாருங்க. தன் தொட்டியில இருக்கிறதை விட்டுட்டு ஆடு இதைத் திருடித் தின்னிருக்கு. ஆட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே!" என்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நடுவில் பலகை அடித்தார். முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் பருவத்திலும் இரண்டு பாலும் ஒன்றாகவா இருந்தன? இந்தக் கையால் சோதித்தவள் சொல்கிறேன், இல்லை! தழைப் பட்டிப் பால் கெட்டியாக இருந்தது. கொழுப்பின் தன்மை மாறியிருந்தது. மடிவீக்கத்துக்கு ஊசி போடுவது பாதியாகக் குறைந்தது. தயிர்க்காரர் வாளியை முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார், ஒரு கேலியும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் பாலின் அளவு ஒரு லிட்டர்கூட ஏறவில்லை. நிர்வாகத்தின் கண்ணில் அதுதான் அக்கா செய்த மாபெரும் குற்றம்!

இயக்குநர் அவர்களே, கோபப்படாதீர்கள். பட்டாலும் பரவாயில்லை. சற்றுமுன் இதே ஒலிபெருக்கியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினீர்கள். புதிய அரங்கத்துக்கு அக்காவின் பெயரை வைப்பதாக அறிவித்தீர்கள். கை தட்டினோம். தழைப் பட்டி ஆடுகளுக்கு விலை பேசிவிட்டு, நாளைக் காலை ஏற்றிப் போக லாரிக்குச் சொல்லிவிட்டீர்களே, அதை ஏன் அறிவிக்கவில்லை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! பெயர்ப்பலகை பால் கறக்குமா, ஐயா?

சோதனை முடிய இன்னும் ஒரே ஒரு கறவைப் பருவம் பாக்கி. "ஒரு பருவம்னா தற்செயல்னு தள்ளிடுவாங்க. ரெண்டாவதும் அப்படியே வந்துட்டா வாயைத் திறக்க முடியாது" என்பார் அக்கா. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது அவர் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "ஆளி விதை வந்துருச்சாடி?" வந்துவிட்டது, மூட்டை பிரித்தாகிவிட்டது என்றேன். "அப்புறம் எதுக்கு என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கே? போ, போய்க் கலக்கு" என்று விரட்டினார். அதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்!

அந்த ஒரு பருவத்தை நாங்கள் முடிப்போம். இது சபதம்! நாளைக் காலை லாரி வரட்டும். பட்டிக் கதவை மறித்து நான் நிற்பேன். நான் மட்டும்தான் நிற்பேனா? அதோ, கறவைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்! தயிர்க்காரரே, நீங்களுமா! மகளே, நீயும் எழுந்துவிட்டாயா! யாரையும் உட்காரச் சொல்லமாட்டேன்.

இப்போது மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு நிற்க எங்களுக்கு அக்கா சொல்லித்தரவில்லை. மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது, நாங்கள் புறப்படுகிறோம். இயக்குநர் அவர்களே, நீங்களும் வாருங்கள். தழைப் பட்டிப் பாலை என் கையால் காய்ச்சி ஒரு டம்ளர் தருகிறேன். குடித்துப் பாருங்கள். குடித்த பிறகும் அந்த ஆடுகளை விற்க உங்களுக்கு மனம் வந்தால், லாரியில் முதலில் என்னை ஏற்றுங்கள்!