விருந்தாளிக்குப் பந்து வராது

நான் எழுந்து நின்றதுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட, இந்த அவையின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே! தோற்ற நாள்களிலும் கூரையில்லாத வரிசையில் குடைபிடித்து நின்ற பெரியோர்களே! வென்றாலும் தோற்றாலும் சேறு அப்பிய சட்டையைத் துவைத்தே தீரவேண்டிய தாய்மார்களே! பந்தயத்தன்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்ச் சைகையிலே பேசுகிற இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்தக் கால்பந்துக் கழகத்தின் தலைவன்தான், ஆனால் நாவலன் அல்ல, டயர் வியாபாரி. அதுவும் பழைய டயரில் தொழிலைத் தொடங்கியவன். பழைய டயரை விற்கிறவன் என்ன செய்வான்? மேலே கறுப்புச் சாயம் தடவுவான். வெயிலில் வைத்தால் அது புதுமாப்பிள்ளை போல மினுமினுக்கும். வாங்க வருகிறவன் அந்த மினுக்கைப் பார்ப்பான். நான் பார்க்கமாட்டேன், உள்ளே கையை விடுவேன். ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நான் இன்று உங்கள் முன்னால் நிற்பது இந்த விரல்களின் புண்ணியத்தில்தான்.

என்ன சொல்கிறார் அங்கே? "கால்பந்துக்கும் டயருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறாரா? இரண்டிலும் காற்றுப் போனால் நடுத்தெருவில் நிற்கவேண்டும் ஐயா! உட்காருங்கள், சொல்கிறேன்.

நம் கழகம் தொழில்முறைப் போட்டிக்குள் நுழைந்தபோது, வெளிநாட்டு வீரர் ஒருவர் வேண்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். வாய் மூடுமுன்னே வந்துவிட்டார் தரகர். கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தார். திரையிலே ஒருவன் பாய்கிறான், பறக்கிறான், பந்தை வலைக்குள் பதிக்கிறான்! கோல்! கோல்! கோல்!

"ஏன் தம்பி, இவரு ஒரு பந்தைக்கூடத் தவறவிட மாட்டாரா?" என்றேன்.

"சான்ஸே இல்லைங்க முதலாளி!"

"அப்புறம் அவங்க ஏன்ப்பா இவரை விடுறாங்க?"

தரகர் தண்ணீர் கேட்டார்.

கடல் தாண்டிப் போனேன், யாருக்கும் சொல்லாமல். தூறலில் ஒரு மூலையில் உட்கார்ந்து முழுப் பந்தயத்தையும் பார்த்தேன். திரையில் பறந்த அந்த வீரன், நேரில் வெளியே அழைக்கப்பட்டதும் தண்ணீர்ப் புட்டியை எட்டி உதைத்தான். சரி, ஒட்டு தெரிந்துவிட்டது! அதே அணியில் இன்னொருவன், நெட்டையாக, ஒல்லியாக இருந்தான். அவனையும் வெளியே எடுத்தார்கள். தன் இடத்தைப் பிடித்தவன் கால் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, முதலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியது யார்? அந்த நெட்டையன்! தன் இடத்தைப் பறித்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறவன் எவனோ, அவனே நமக்கு வேண்டியவன் என்று அன்றே முடிவுகட்டினேன்.

வந்தான். எப்படி வைத்துக்கொண்டோம்? பேருந்தில் சன்னலோர இருக்கை அவனுக்கு. பந்து மூட்டையைத் தொட்டால் நாலு பேர் ஓடிவந்து பிடுங்குவார்கள். "நீங்க உட்காருங்க, நீங்க சாப்பிடுங்க, நீங்க ரெஸ்ட் எடுங்க." உபசாரம் என்றால் அப்படி ஓர் உபசாரம்!

ஆனால் கோல்? ஒன்றுகூட இல்லை. பந்தயத்துக்குப் பந்தயம் நட்டநடுவே விளக்குக் கம்பம் போல நின்றான். நீங்கள் என்ன செய்தீர்கள்? "நெட்டையைப் பார்சல் பண்ணு" என்று பதாகை பிடித்தீர்களா இல்லையா? அந்தப் பச்சைச் சட்டைக்காரர் ஏன் குனிகிறார்? எடுத்துக் காட்டுங்கள் ஐயா, வீட்டில் பத்திரமாக வைத்திருப்பீர்கள்! நல்லவேளை, அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பருவத்தின் நடுவில் நிர்வாகக் குழு கூடியது. அவனை அனுப்பிவிட்டு வேறொருவனை எடுப்பது என்று முடிவானது. அதைச் சொல்லவேண்டிய பாவம் என் தலையில் விழுந்தது. நான் தேர்ந்தெடுத்த பிள்ளை. நானே போய், "மூட்டையைக் கட்டு" என்று சொல்லவேண்டும். எப்படியோ மைதானத்துக்குப் போனேன். சலவை அறையிலிருந்து ஒரே சத்தம்.

நம் அணியின் சட்டைகளைத் துவைக்கிற அக்காவை உங்களுக்குத் தெரியும். இதோ முதல் வரிசையில் முறைத்துக்கொண்டு இருக்கிறார். அன்று அவர் கையில் சேற்றில் ஊறிய காலுறை. எதிரே நெட்டையன்.

"ஏன்டா தடிமாடே! உள்பக்கத்தை வெளியே இழுத்துச் சுருட்டிப் போடாதேன்னு யாரும் உனக்குச் சொல்லித்தரலையா? இதைப் பிரிக்கிறதுக்கு ஒரு ஆள் வைக்கணுமாடா உனக்கு?"

நம் கேப்டன் பதறிப்போய்க் குறுக்கே விழுகிறான். "அக்கா, அக்கா, அவரு வெளிநாட்டுக்காரர்க்கா. அப்படிப் பேசாதீங்க!"

"வெளிநாட்டுக்காரன்னா காலுறை நாறாதா?"

நெட்டையன் என்ன செய்தான் தெரியுமா? சிரிக்கிறான். சிரித்தவன் கண் கலங்குகிறது. அரைகுறைத் தமிழில் என்னிடம் சொன்னான்: "தலைவரே, இங்க வந்து முதல் திட்டு இது. வீட்ல எங்க அக்கா தினம் திட்டும். இங்க எல்லாரும் நல்லவங்க. யாரும் திட்ட மாட்டாங்க. பந்தும் குடுக்க மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கேப்டன் பக்கம் திரும்பினேன். "ஏன்டா பந்து குடுக்கல?"

அவன் தலையைச் சொறிந்தான். "குடுக்கக்கூடாதுன்னு இல்லை தலைவரே. நல்ல பந்தா அமைஞ்சாத்தானே குடுக்கலாம்? கோணல்மாணலா இருக்கிறதை அவருக்கு எப்படித் தள்றது? மரியாதையா இருக்காதே!"

அன்பர்களே! உலகத்தில் எந்த அணியாவது இப்படித் தோற்றிருக்குமா? பகையால் பந்து கொடுக்காதவர்கள் உண்டு; பொறாமையால் கொடுக்காதவர்கள் உண்டு; மரியாதையால் கொடுக்காதவர்கள் நாம் மட்டும்தான்! நேரான பந்து வரும் வரும் என்று நம் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பந்து வரும் வரும் என்று அவன் காத்திருந்தான். எதிரணி காத்திருக்கவில்லை!

அன்றே குழுவின் காலைப் பிடித்து ஒரே ஒரு பந்தயம் கேட்டு வாங்கினேன். பிள்ளைகளைக் கூப்பிட்டேன். "இனிமே பந்து மூட்டை அவன் தோள்ல. சன்னல் சீட்டுக்கு அவனும் சண்டை போடட்டும். கோணல் பந்தோ குப்பைப் பந்தோ, தள்ளிவிடுங்கடா!" என்றேன்.

அந்தப் பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். கேப்டன் தள்ளிய முதல் பந்து எங்கேயோ போனது. நெட்டையன் கையை விரித்துக் கத்தினான்: "டேய்! கண்ணு எங்கடா இருக்கு?" கேப்டன் கத்தினான்: "நீ ஓடுடா நெட்டை!" அடுத்த பந்தும் கோணல்தான். ஆனால் அந்த நீளக் கால் நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே போய்த் தொட்டது. வலை குலுங்கியது; இந்த வட்டாரமே குலுங்கியது!

கோப்பை வாங்கினோம் என்று பொய் சொல்லமாட்டேன். கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டிய கழகம் பட்டியலின் நடுவிலே நிமிர்ந்து நின்றது. வியாபாரிக்கு அது நல்ல வருடம்.

இப்போது உங்கள் வாயில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். பெரிய கழகம் ஒன்று அவனைக் கூப்பிட்டது உண்மைதான். அவன் போகிறானா, இருக்கிறானா? எனக்கே இன்று காலைதான் தெரியும். அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர், "போடா, போ! போறதுக்கு முன்னாடி அந்தக் காலுறையை எல்லாம் நேராக்கி வச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைத்திருக்கிறார். இவன் அந்தக் கழகத்துக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டானாம்: "அங்க என்னை யார் திட்டுவாங்க?"

அவர்கள் பதறிவிட்டார்கள். "ஐயோ, உங்களை யார் திட்டுவா? உங்களுக்குத் தனி அறை, தனி வண்டி, யாரும் கிட்டவே வரமாட்டாங்க!"

போனை வைத்துவிட்டான். இங்கேதான் இருக்கிறான்!

கைதட்டுங்கள், கைதட்டுங்கள், ஆனால் இதையும் கேளுங்கள். இந்த வருடம் இன்னும் இருவர் வந்திருக்கிறார்கள். அதோ, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்துக்கொண்டு. கோல்காப்பாளர் ஒருவர், நடுக்கள வீரர் ஒருவர். இருவரையும் உள்ளே கையை விட்டுப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன். அவர்களைத் தயவுசெய்து விருந்தாளி ஆக்கிவிடாதீர்கள்! தப்பாக ஆடினால் திட்டுங்கள். ஆட்டத்தைத் திட்டுங்கள். நிறத்தைச் சொல்லி, பிறப்பைச் சொல்லி ஒருவன் வாயைத் திறந்தால், அவன் நம் ரசிகன் அல்ல. அவனுக்கு இந்த மைதானத்தின் வாசல் இல்லை. திட்டு என்பது உரிமை. இழிவு என்பது ஈனம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்களால்தான் ஒரு கழகம் வாழும்!

என்ன தம்பி நெட்டை? அங்கிருந்து என்ன கத்துகிறாய்? "தலைவரே, பேசினது போதும், பசிக்குது" என்கிறாயா?

கேட்டீர்களா பெரியோர்களே, கேட்டீர்களா தாய்மார்களே! விருந்தாளி பசித்தால் வாயைத் திறக்கமாட்டான். பெற்ற பிள்ளைதான் இப்படிச் சபை நடுவே மானத்தை வாங்குவான். இதைவிட எனக்கு என்ன கோப்பை வேண்டும்?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமையே இல்லாத அவனுக்கும், கடிகாரத்தை இரண்டு முறை திருப்பி வைத்த தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. முதல் பந்தயத்தில் பார்ப்போம். தொண்டையைத் தீட்டிக்கொண்டு வாருங்கள். வணக்கம்!