ஆறாவது படம்

சார்ட் அட்டையில் புகைப்படம் ஒட்டக் கோந்தைவிட மைதாப் பசை நல்லது. கோந்து காய்ந்தால் மூலை தூக்கிக்கொள்ளும். பசையில் துளி மயில்துத்தம் கலந்துவிட்டால் பூச்சியும் அண்டாது. இதை விசாரணைக் குழுவிடம் சொல்லக் காரணம், என் போஸ்டரைச் சான்றாக எடுத்துப் போனவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். படங்கள் விரிசல் விட்டுவிடும். தட்டையாக வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் நோய்க்குறியியல் பிரிவில் உதவி மருத்துவர். வெட்டியெடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்று உண்டா இல்லையா என்று சொல்வது என் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் வாய்ப்புண் நோயாளிகளையும் நானே பார்ப்பேன். 1982 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த வைகாசியில் மதுரையில் புற்றுநோய் மாநாடு, அதில் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆராய்ச்சியாளர்களுக்குப் போஸ்டர் போட்டி. எனக்கு அப்போது முப்பத்து மூன்று. முதல் பரிசு பெறுபவரை ஓராண்டுப் பயிற்சிக்குப் பம்பாய் அனுப்புவார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு சூட்கேஸ் மட்டும் வாங்கி வைத்தேன்.

'வாய்ப்புற்று: காலத்தில் கண்டால் குணமாகும்' என்பது என் தலைப்பு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாற்பத்தொரு பேருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தேன். முடிவு தெரிந்த அன்றே ஒவ்வொருவரையும் சிகிச்சைக்கு அனுப்பினேன். அதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள். ஆனால் ஆறிப்போன கன்னம் எல்லாக் கன்னத்தையும் போலத்தான் இருக்கிறது. படம் எடுத்து மாட்டினால் பார்ப்பவர் நிற்காமல் போய்விடுவார். கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே காட்டினால்தான் காலத்தில் காண்பதன் அருமை விளங்கும். அதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. ஒரே ஒருவர்.

நாற்பத்திரண்டாவதாக வந்தவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமத்து அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம். அந்த இடத்தில் தட்டைப்பயறு அளவில் ஒரு புண். துணுக்கு எடுத்து நானே பார்த்தேன். சந்தேகமே இல்லை, புற்று. வெட்டியெடுத்தால் பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம். முடிவை என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். அந்த அம்மாவிடம் வெற்றிலைச் சூடு என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"போட்டாப் புடிச்சா ஆறிருமா டாக்டரய்யா?" என்றார்.

"எப்படி ஆறுகிறது என்று பார்க்கத்தான்" என்றேன்.

ஒரு தவணை தவறாமல் வந்தார். ஒவ்வொரு தடவையும் சலவைச் சேலை, தலையில் பூ. டவுன்ஹால் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த இன்னாசிமுத்து படம் எடுத்தார். மூன்றாம் தடவை கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், படத்துக்குப் படம் பெருசாயிக்கிட்டே போகுதே. மருந்து கிருந்து குடுக்குறீகளா, இல்ல என்னைய மாதிரி நீங்களும் போட்டா மட்டும் புடிக்கிறீகளா?" நான் சிரித்தேன். போகஸைப் பார்க்கச் சொன்னேன்.

நான்கு படங்களோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். வைகாசி மாநாடு முடிந்ததும் சிகிச்சைக்கு அனுப்ப எண்ணியிருந்தேன். அப்போதும் காலம் கடந்திருக்காது. ஆனால் மாநாடு நடக்க இருந்த மண்டபத்தை வைகாசி முகூர்த்தங்களுக்குக் கல்யாண வீட்டார் பிடித்துவிட்டார்கள். மார்கழியில் எவரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், மண்டபம் சும்மா கிடக்கும் என்று மாநாட்டை மார்கழிக்குத் தள்ளினார்கள். இதில் என் பங்கு எதுவும் இல்லை. என் போஸ்டரில் இன்னும் இரண்டு படத்துக்குக் கட்டம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஐந்தாவது படத்துக்கு வந்தபோது இடது காதில் தண்டட்டி இல்லை. முதல் நான்கிலும் இருந்தது. வரிசை ஒன்றுபோல் இருந்தால்தான் வித்தியாசம் புண்ணில் மட்டும் தெரியும். எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் கன்னம் வீங்கி வலிக்குதுய்யா. கனம் தாங்கலைன்னு கழட்டிட்டேன்" என்று, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். படத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டார். ஆறாவது படத்துக்கு நான் கேட்பதற்கு முன்பே போட்டுக்கொண்டார்.

அன்றே ரேடியேஷன் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

நோயாளி யாரென்று தெரியக்கூடாது என்பது விதி. ஆறு படங்களிலும் கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினேன். நடுவர்கள் மூவரும் என் போஸ்டரின் முன்னால் கால்மணி நேரம் நின்றார்கள். ஸ்டென்சில் எழுத்தைப் பாராட்டினார்கள். ஆறு படங்களும் சம இடைவெளியில் இருப்பது அபூர்வம் என்றார் ஒருவர். முதல் பரிசு கிடைத்தது. பொதுமக்களும் அறியட்டும் என்று, தமிழில் விளக்கம் சேர்த்து எங்கள் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வரிசை நிற்கும் நடையில் மாட்டச் சொன்னார்கள். தேதிகள் உட்பட எல்லாவற்றையும் நானே தமிழில் எழுதினேன்.

மறுவாரம் அந்த அம்மாவை ரேடியேஷனுக்கு அழைத்துவந்த மகள் வரிசையில் நின்றபடி அதைப் படித்திருக்கிறார். தங்கப்பொண்ணு என்று பெயர், ஆரம்பப் பள்ளி டீச்சர். பள்ளிக்கூட நாளில் லீவு கிடைக்காது என்று அதுவரை வந்ததில்லை; அது அரைப்பரீட்சை விடுமுறை. என் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"மொதப் படத்துக்குக் கீழ 'புற்று உறுதி, செப்டம்பர் 82'ன்னு எழுதியிருக்கு. அந்தத் தண்டட்டியில ஒரு முனை நசுங்கியிருக்கு. சின்னப்புள்ளையில நான் கதவிடுக்குல வச்சு நசுக்குனது. அது எங்கம்மா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரய்யா, பேசாமப் போயிர்றேன்."

எந்த நோயாளியைப் பற்றியும் வெளியே சொல்வதற்கில்லை என்றேன்.

"வெளிய இல்லய்யா. என்கிட்ட."

விதி என்றேன். பிறகு போய் உங்களுக்கு மனு எழுதினார். கையெழுத்து மணிமணியாக இருந்ததைப் பார்த்தேன்.

ஆக, தெரிந்தேதான் செய்தேனா என்றால், ஆம். முதல் நாளிலிருந்தே தெரியும். பதினைந்து மாதம் தெரியும். போன செவ்வாய்க்கிழமை அந்த அம்மா இறந்துவிட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். போஸ்டரில் ஏழாவது கட்டத்துக்கு இடமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாக்குமூலத்தில் பெயர் வேண்டும் என்று வற்புறுத்தினீர்கள். சோணையம்மாள். இதைத் தட்டச்சுக்கு அனுப்பும் முன் அவருடைய மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு நோயாளியின் பெயரை வெளியிட்டவன் என்ற கெட்ட பெயர் எனக்கு வேண்டாம்.