கொடிக்கம்பி

— பொய்டா! ஆயுசுல பீடியைத் தொடாதவன், பட்டறையில பத்த வெச்சேன்னு முதலாளிகிட்ட எதுக்குடா ஒத்துக்கிட்ட?

— கத்தாதேக்கா. மாடி வீட்டம்மா படியில நிக்கறாங்க.

— எனக்கெதுக்கு வம்பு? காலி பண்றீங்களே, சாமான் ஏத்த ஒரு கை புடிக்கலாம்னு வந்தேன். ஆனாலும் தம்பி, பெயிண்ட் கரைக்கத் தின்னர் ஊத்தற இடத்துல பீடி குடிச்சவனுக்கு எந்த முதலாளி, பேசி முடிச்சிருந்தாலும் தன் பொண்ணைத் தருவாரு?

— குடிக்கலைங்கறேன்! டேய், கிளம்பற அன்னைக்காவது வாயைத் தொற. எப்படிடா தீப்பிடிச்சுது?

— நிலைமின்சாரம்க்கா.

— அது எங்கேர்ந்து வந்துது?

— எப்பவும் கூடவே இருக்கறதுதான். ஜன்னல் கம்பியில பவுடர் பெயிண்ட் அடிச்சா உதிராம அப்பிக்குதே, அதனாலதான். ஜெராக்ஸ்ல எழுத்து ஒட்டறதும் அதாலதான்.

— என் நைலான் புடவையை உருவும்போது சடசடங்குதே, அதுவா தம்பி?

— அதேதாங்க. புடவையில சடசடன்னு போயிடும். தின்னர் ஊத்தும்போது ஒரு பொறி வந்தாப் போதும், கதை முடிஞ்சுது. அதை மண்ணுல இறக்கத்தான் டிரம்முல ஒரு கம்பி மாட்டியிருக்கும்.

— அன்னைக்கு மாட்டலையா?

— எப்பவும் மாட்டியேதான் இருக்கும், அந்த நெனப்புல ஊத்திட்டேன். அப்புறம் பாத்தா கம்பியைக் காணோம்.

— எடுத்தவன் யாருன்னு கேக்க வேண்டியதுதானே! ரெண்டு கையும் வெந்து, கல்யாணமும் நின்னு... அவன் வெளங்குவானா?

— விடுக்கா. லாரிக்காரர் ஹாரன் அடிக்கறாரு.

— அடியே, கொடிக்கம்பியை விட்டுட்டுப் போறியே! நல்ல செம்புடி. ஆமா, துணி காயப்போடற கம்பிக்கு முனையில கவ்வி வேற எதுக்கு?

— அதுவா... இவனுக்குச் சோறு கொண்டு போனப்ப, பட்டறை டிரம்முல சும்மா தொங்கிட்டிருந்துச்சேன்னு... டேய். உனக்கு... உனக்குத் தெரியுமாடா?

— கையில கட்டோட வீட்டுக்கு வந்த அன்னைக்கே பாத்துட்டேன். என் சட்டைதான் அதுல காஞ்சுட்டிருந்துச்சு. முதலாளி கம்பியை எவன் எடுத்தான்னு குடைய ஆரம்பிச்சாரு. பீடின்னு சொன்னேன், விட்டுட்டாரு.

— ஐயோ... தள்ளுடா. இப்பவே போய் அந்தப் பொண்ணு கால்ல விழுந்து சொல்றேன்.

— எங்கடி போவ? நேத்துதான் அவளை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கட்டிக் குடுத்து ரயிலேத்தினாங்க. நானே ஸ்டேஷன் வரைக்கும் போய்க் கையாட்டிட்டு வந்தேன்.