பேண்டு வேணும், பெரியவர் வேணாம்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்த வாஷிங் மெஷின் மேலயே உக்காருங்க, எப்படியும் விக்காத சரக்குதான். ம், என்ன சொன்னீங்க? பேண்டு வேணும், பாட்டு வேணும், டிரம்ஸ் அடிக்கிற பெரியவர் மட்டும் வேணாமா? நல்லாருக்கே! பழைய மெஷின் வாங்கி விக்கிறவ நான். மோட்டாரக் கழட்டி வச்சிக்கிட்டு மிச்சத்தக் குடுங்கன்னு என்கிட்டயே எவரும் கேட்டதில்ல.

இல்லல்ல, கோவமெல்லாம் இல்ல. என் குரலே இப்படித்தான். பசங்க இப்ப வந்துருவாங்க. ஆனா பேரம் என்கிட்டதான். அவனுங்கள விட்டா, நீங்க ஒப்பந்தத்துல கையெழுத்து கேட்ட எடத்துல வாழ்த்துக்களுடன்னு சேத்து எழுதிக் குடுப்பானுங்க.

இவனுங்க வளந்த லட்சணம் தெரியுமா உங்களுக்கு? பேரு வைக்கவே ஒரு மழைக்காலம் பூரா சண்ட. கடைசில துருன்னு வச்சானுங்க. ஏன்டா, என் கடையக் கிண்டல் பண்றீங்களான்னேன். இல்லக்கா, இது சமூகத்தோட துருங்குறான் பாடுறவன். சமூகமாடா ஒனக்கு வாசிச்சுப் பழக ஓசில எடம் குடுத்துச்சு?

மொதக் கச்சேரி, ஒரு செருப்புக் கட தெறப்பு விழா. இவனுங்க ஆரம்பிச்சதும் உள்ள இருந்தவங்க ஒத்தச் செருப்போட வெளிய ஓடிட்டாங்க. மொதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்து, தம்பிகளா, பேசுனதுக்கு மேலயே தர்றேன், நிறுத்துங்கப்பான்னாரு. இவனுங்களுக்குப் பெரும தாங்கல, மொதக் கச்சேரிலயே போனஸாம்!

அப்பல்லாம் டிரம்ஸுக்கு ஆளு கெடையாது. போன்ல தாளத்தத் தட்டி விட்டுட்டு வாசிப்பானுங்க. துளி பிசகாது. ஒருத்தரும் நின்னு கேக்கவும் மாட்டாங்க. பெரியவர் வந்து உக்காந்த பொறவுதான் ஜனம் திரும்பிப் பாத்துச்சு. அன்னைக்கு அந்த ஹால்ல நீங்களே பாத்தீங்களே, எடம் கெடைக்காம வாசல்ல நின்னு குதிச்சுதே கூட்டம்.

ஆங், பாட்டுல நீங்க சொன்ன அந்த எடம்தான். பாட்டு உச்சிக்குப் போயி, படக்குன்னு எல்லாம் அடங்கி, நமக்கே மூச்சு முட்டி, அப்புறம் டமால்னு விழுமே. அதான் இவங்க ஸ்டைலு, அது எங்க பாட்டுக் கம்பெனிக்கு வேணும்னீங்க. ஒரு இளவட்டத்த வச்சு அதையே அடிச்சுக்கலாம்னும் சொன்னீங்க. நரச்ச தல போஸ்டருக்கு எடுக்காதாக்கும். ஒங்க தலைல எத்தன முடி மிச்சம்னு நான் கேட்டேனா?

சரி சரி, தண்ணி குடிங்க. மொறைக்காதீங்க தம்பி.

அந்த நிறுத்தம் என்னமோ உக்காந்து யோசிச்சு வச்சதுன்னா நெனச்சீங்க? அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு தம்பி. எடது கை விழுந்துடுச்சு. டாக்டர் ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொன்னாரு. நான் என்ன கொழந்தையான்னு தூக்கிக் கடாசிட்டாரு. அப்புறம் ஒரு நாளு, ஓரமாக் கெடந்த குச்சிய அந்தக் கையாலயே எடுத்து மெஷின் மூடில தட்டிக்கிட்டிருந்தாரு. மறுநாளும் தட்டுனாரு. பாடுறவன் பாத்துட்டு, இழுத்து டிரம்ஸ் முன்னால உக்கார வச்சுட்டான். இன்னிக்கும் அந்தக் கை மேல எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரைக்கும் பசங்க கிடார் கம்பில கைய வைக்காம நிப்பானுங்க. கை டிரம்ஸ்ல வந்து விழுந்ததும் ஒண்ணாப் பாய்வானுங்க. ஒங்க ஸ்டைலு அவ்ளோதான்.

எனக்கெப்படித் தெரியுமா? காலைல அந்தக் கையச் சட்டைக்குள்ள நொழச்சு விடறவளே நான்தான். என் வீட்டுக்காரரு.

அட, எதுக்கு எந்திரிக்கறீங்க? சங்கடப்படாதீங்க, இதச் சொல்லி ரேட்ட ஏத்த மாட்டேன். ஏத்துவேன், அதுக்கு வேற காரணம் வச்சிருக்கேன். ஆனா வந்தா எல்லாரும் சேந்து வருவாங்க. இல்லையா, வாசல் அந்தப் பக்கம்.

இன்னொண்ணு. பசங்க காத்திருக்கிறது அவருக்குத் தெரியாது. சட்ட போடத்தான் வரல, குச்சியப் புடிச்சா கை பழையபடி ஆயிடுதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. இவனுங்கதான் நடுவுல தூங்கி வழியிறானுங்கன்னு தெனம் திட்டு. வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்கிறானுங்களே ஒழிய, ஒருத்தன் வாயத் தொறக்கணுமே!

சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. அவரு உள்ள வந்ததும், பசங்க கொஞ்சம் மந்தம் சார், நான்தான் இழுத்துக்கிட்டுப் போறேன்னு ஒங்ககிட்டயும் சொல்வாரு. ஆமாங்கய்யான்னு சொல்லணும்.

எங்க, ஒருதரம் சொல்லிக் காட்டுங்க.